வாடகை வேகமும் பயண இலக்கியமும்

பயண இலக்கியம் என்பது, கண்டவன் காணாதவனுக்குச் செலுத்த வேண்டிய கடன். அக்கடன் இன்று எவ்வாறு செலுத்தப்படுகின்றது என்று கணக்குப் பார்ப்பது விமர்சனத்தின் பணிகளுள் ஒன்றாகும். அண்மைக் காலத்தில் ஒரு புதுவகைப் பயண எழுத்து நம்மிடையே பரவி வருகின்றது. வெளிநாடு செல்லும் வசதியுள்ள ஒருவர், அங்குள்ள புகழ்பெற்ற மோட்டார்ப் பந்தயத் தடம் ஒன்றை நாடிச் செல்கிறார். அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுக்கிறார். ஒரு சுற்றோ இரு சுற்றோ ஓட்டி முடித்து, அவ்வனுபவத்தை எழுதுகிறார். ஆங்கில மோட்டார்ச் சஞ்சிகைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் இவ்வடிவம் இன்று தமிழிலும் கட்டுரையாகவும் காணொளியாகவும் தலைகாட்டுகின்றது.

அட்டாளைச்சேனையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. நெல்வயலும் கடலும் இருபுறமும் அமைந்த இக்கரையோர ஊர்களில் பந்தயத் தடம் எதுவும் இல்லை. ஆனால், எமது வகுப்பறையில் இருக்கும் மாணவர் இவ்வெழுத்துக்களைப் படிக்கின்றனர், இக்காணொளிகளைப் பார்க்கின்றனர். அம்மாணவருட் பலருடைய வாப்பாமாரும் காக்காமாரும் வளைகுடா நாடுகளிற் பிறருடைய கார்களை ஓட்டிப் பிழைக்கின்றனர். சாரதியின் பிள்ளை, சாரதியம் பற்றிய ஒரு கட்டுரையைப் படிக்கும்போது அதிலே தன் தந்தையைக் காண்கிறானா என்பதே எமது கேள்வி. இஃது இலக்கியக் கேள்வி, சமுதாயக் கேள்வியுமாகும்.

முதலில், இவ்வகை எழுத்தின் அமைப்பை நோக்குவோம். பெரும்பாலும் அது ஒரே கட்டுக்கோப்பு உடையது. எழுத்தாளர் சிறுவயதுக் கனவொன்றிலிருந்து தொடங்குவார். வாடகை நிலையத்தைச் சென்றடைவார், பத்திரங்களில் ஒப்பமிடுவார், தலைக்கவசத்தைப் பெறுவார். முதல் வளைவில் அச்சம், இடைவழியில் மயக்கம், இறுதி நேர்வழியில் ஆனந்தம். காரை விட்டு இறங்கும்போது கை நடுங்கும். 'வாழ்க்கை ஒருமுறைதான்' என்னும் வகையிலே ஒரு வாசகத்தோடு கட்டுரை முடியும். இவற்றிற் சில நன்றாகவே எழுதப்படுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. தடையை மிதிக்க வேண்டிய கணம், வளைவின் மறுபுறம் தெரியாத திகைப்பு, காரின் எடை ஒரு பக்கம் சாயும் உணர்வு ஆகியவற்றைச் சொல்லப் புகுந்த சிலர், தமிழுக்குப் புதிய நுட்பங்களைக் கொண்டுவந்துள்ளனர். உடல் உணரும் ஓர் அனுபவத்தைச் சொல்லாக்குவது சிறிய வேலையன்று. இவர்களுடைய குறை வேறிடத்தில் உள்ளது. தாம் ஓட்டிய காரைப் பற்றி எழுதும் இவர்கள், அக்கார் ஓடிய பாதையைப் பற்றி எழுதுவதில்லை.

இவ்வகை எழுத்தின் புண்ணியத் தலம் எனத்தக்கது, ஜேர்மனியின் ஐபெல் மலைப்பகுதியிலுள்ள நூர்பர்க்ரிங் தடமாகும். நூர்பர்க் என்னும் சிற்றூரையும் அதன் பழங்கோட்டையையும் சுற்றிக் காட்டினூடே வளைந்து செல்லும் அதன் வடக்குச் சுற்று, இன்று ஏறத்தாழ 20.8 கிலோமீற்றர் நீளமுடையது. எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகள் உண்டு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே சுமார் 300 மீற்றர் உயர வேறுபாடு உண்டு. 1968 இல் மழையும் மூடுபனியும் சூழ்ந்த நிலையில் அங்கு நடந்த போட்டியில், இரண்டாமவரை நான்கு நிமிடங்களுக்கு மேலாகப் பின்தள்ளி வென்ற ஸ்கொத்லாந்து வீரர் ஜாக்கி ஸ்டுவேர்ட், அதற்குப் 'பச்சை நரகம்' என்று பெயரிட்டார். இப்பெயர் இன்று விளம்பரப் பலகைகளில் ஏறிவிட்டது. பந்தயமோ பரிசோதனையோ நடைபெறாத நாட்களில் இத்தடம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும். கட்டணம் செலுத்திய எவரும் தம் வண்டியையோ வாடகை வண்டியையோ அங்கே ஓட்டலாம். சட்டத்தின் கண்ணில் அப்போது அஃது ஒருவழிச் சுங்கப்பாதை. நாட்டின் வீதிச் சட்டங்களே அங்கும் செல்லும். வலப்புறமாகச் செல்ல வேண்டும், இடப்புறமாகவே முந்த வேண்டும். சுற்று நேரத்தை அளந்து போட்டியிடுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

இத்தடம் எவ்வாறு தோன்றியது? முதலாம் உலகப் போருக்குப் பின்னர் ஐபெல் பகுதி வறுமையிலும் வேலையின்மையிலும் ஆழ்ந்திருந்தது. அம்மலைக் கிராமங்களின் பொதுவீதிகளில் 1922 முதல் நடத்தப்பட்டு வந்த மோட்டார்ப் பந்தயங்களோ ஆபத்தானவையாக இருந்தன. தனியாக ஒரு தடம் அமைத்தால் பந்தயமும் நடக்கும், ஜேர்மன் மோட்டார்த் தொழிலுக்குப் பரிசோதனைக் களமும் கிடைக்கும், வேலையற்றோருக்கு வேலையும் கிடைக்கும் என்று வட்டார நிருவாகி ஒட்டோ குரொய்ட்ஸ் வாதாடினார். 1925 செப்ரெம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1927 யூன் 18 ஆம் நாள் தடம் திறக்கப்பட்டது. வேலையற்றோருக்கான நிவாரணத் திட்டமாக நடந்த அவ்வேலையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் ஈடுபட்டனர். இன்று வாடகைக் காரிலமர்ந்து ஒருவர் பத்து நிமிடங்களிற் கடந்துவிடும் மலைப்பாதை, வேலையற்றோர் இரண்டாண்டுகள் மண்சுமந்து அமைத்த பாதையாகும்.

இச்செய்தி மறைபொருளன்று. தடத்தைப் பற்றி ஓரளவு படித்த எவரும் அறிந்ததே. எனினும், வாடகைக் காரில் அத்தடத்தைச் சுற்றிவந்தோர் எழுதும் கட்டுரைகளில் இதைக் காண்பது அரிது. கார் எத்தனை குதிரைவலு உடையது என்று எழுதுகிறார்கள். எத்தனை கைகள் அப்பாதையை அமைத்தன என்று எழுதுவதில்லை. அண்மை வரலாற்றையும் இவர்கள் தொடுவதில்லை. மாநில அரசின் உடைமையாயிருந்த இத்தடத்தின் ஓரத்திலே, 2009 இல் பெருந்தொகைப் பொதுப்பணத்தைக் கொட்டிக் கேளிக்கைக் கூடங்கள் கட்டப்பட்டன. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. கம்பனி கடன்சுமையால் 2012 இல் நொடித்தது. 2014 இல் தடம் தனியாருக்கு விற்கப்பட்டது. ஏழைகளின் உழைப்பால் எழுந்து, மக்களின் வரிப்பணத்தால் வாழ்ந்து, இறுதியிலே தனியார் கைக்குச் சென்ற ஒரு சொத்தின் கதை இது. இத்தகைய கதைகள் நமது நாட்டு வாசகனுக்கும் புதியனவல்ல. அவன் தன் நாட்டை அங்கே அடையாளம் கண்டிருப்பான். அந்த வாய்ப்பைக் கட்டுரையாளர் அவனுக்குக் கொடுக்கவில்லை.

கட்டுரையாளர் விட்டுவிட்ட வேறு சில உண்மைகளை, அவர் படியாமல் ஒப்பமிட்ட வாடகைப் பத்திரம் சொல்லிவிடுகின்றது. பொதுவாக உல்லாசப் பயணிகளுக்குக் கார் கொடுக்கும் நிலையங்கள், அக்காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டுதலைத் தம் பத்திரத்திலே தடைசெய்கின்றன. தடத்தில் ஓட்டுவதற்கென்றே கார் கொடுக்கும் தனி நிலையங்கள் அப்பகுதியில் உண்டு. அவற்றின் பத்திரம் தெளிவானது. கார் சேதமுற்றால் இன்ன தொகை வரை ஓட்டியவர் பொறுப்பு. ஓரக் கம்பித்தடுப்பு வளைந்தால் அதன் செலவும் அவருடையது. பல காப்புறுதிகள் இத்தகைய ஓட்டத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. கட்டுரையில் 'சாகசம்' எனப்படுவது பத்திரத்தில் 'சேதம்' எனப்படுகின்றது. கட்டுரையில் 'விதியோடு விளையாட்டு' எனப்படுவது பத்திரத்தில் ஒரு விலைப்பட்டியல். இவ்விரண்டு எழுத்துக்களையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் படிக்கும் ஒருவர், யதார்த்தம் எதில் உள்ளது என்று தாமே முடிவு செய்யலாம். வியாபாரி எழுதிய பத்திரம் உலகத்தை உள்ளபடி சொல்ல, எழுத்தாளர் எழுதிய கட்டுரை அதை மூடிமறைப்பது வருந்தத்தக்கது.

ஆபத்தைப் பற்றி இவ்வெழுத்துக்கள் கொள்ளும் மனப்பான்மையையும் ஆராய வேண்டும். ஆபத்து இவற்றிலே அழகுப்பொருளாகிவிடுகின்றது. அத்தடத்திலேயே தொழில் செய்தவர்கள் அவ்வாறு கருதினார்களா? 'பச்சை நரகம்' என்று பெயரிட்ட அதே ஸ்டுவேர்ட், 1966 இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் விபத்துற்று, பெற்றோலில் நனைந்தபடி காருக்குள் சிக்கிக்கிடந்தார். பார்வையாளர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கருவியைக் கொண்டே சக வீரர்கள் அவரை மீட்டனர். அன்று முதல் அவர் மருத்துவ வசதிக்காகவும் பாதுகாப்புத் தடுப்புக்காகவும் ஓயாது குரல்கொடுத்தார். 1970 இல், பாதுகாப்புச் சீர்திருத்தங்கள் செய்யப்படாதவரை நூர்பர்க்ரிங்கில் ஓட்டமாட்டோம் என்று வீரர்கள் ஒன்றுபட்டு மறுத்தனர். அவ்வாண்டின் ஜேர்மன் போட்டி ஹொக்கன்ஹைம் தடத்துக்கு மாற்றப்பட்டது. தொழிற்சங்க வரலாறு படித்தோருக்கு இந்நிகழ்ச்சியின் பொருள் விளங்கும். தமது வேலைத்தலம் உயிர்கொல்லும் இடமாக இருப்பதை ஏற்கமாட்டோம் என்று உழைப்போர் கூடிச்சொன்ன சொல் அது.

சீர்திருத்தத்தின்பின் 1971 இல் போட்டி திரும்பி வந்தது. 1976 இல் ஒஸ்திரிய வீரர் நிக்கி லவுடா மறுபடியும் எச்சரித்தார். போட்டியைத் தவிர்ப்போம் என்று சக வீரர்களிடம் கேட்டார். அவரது கருத்து ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி அவருடைய கார் தடம்விலகித் தீப்பற்றியது. எரியும் காரிலிருந்து அவரை வெளியே இழுத்தவர்கள், தம் கார்களை நிறுத்தி ஓடிவந்த சக போட்டியாளர்களே. ஆறு வாரங்களின் பின்னர், ஆறாத காயங்களோடு இத்தாலியின் மொன்சாவில் அவர் மீண்டும் ஓட்டினார். அந்த மனவுறுதியைப் பற்றித் திரைப்படமும் வந்தது. ஆனால், 'வேண்டாம்' என்று அவர் முன்கூட்டியே சொன்ன சொல்லுக்கு இருக்கும் பெருமை, திரும்பி வந்து ஓட்டிய துணிவுக்கு இருக்கும் பெருமையினும் குறைந்ததன்று. உலகப் போட்டி அதன்பின் வடக்குச் சுற்றுக்குத் திரும்பவேயில்லை. அவ்வுலகப் போட்டி கைவிட்ட பாதையிலேதான் இன்று உல்லாசப் பயணி ஒருவர், முதல்நாள் பயிற்சிகூட இல்லாமல், வாடகைக் காரில் இறங்குகிறார். இம்முரண்பாட்டை உணர்ந்து எழுதப்படும் ஒரு கட்டுரை எத்துணை ஆழமுடையதாக அமையும்!

ஆபத்தின் விலை என்னவென்பதை நமது நாடும் அறியும். 2024 ஏப்பிரல் 21 ஆம் நாள், தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில், தடத்தை விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர் நின்ற பக்கம் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட ஏழுபேர் மாண்டனர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். புத்தாண்டு விடுமுறையில் வேடிக்கை பார்க்க வந்த எளிய மக்கள் அவர்கள். வேகத்தின் இன்பம் ஓட்டுபவரைச் சேர, அதன் தண்டனை ஓரத்தில் நின்றவரைச் சேர்ந்தது. இந்நிகழ்ச்சியை அறிந்த நாட்டில் ஆபத்தை அலங்காரச் சொல்லாக்கி எழுதுவது பொறுப்புள்ள செயலாகாது.

அவ்வாறாயின், பயண எழுத்துக்கு வேறு வழி உண்டா? தமிழிலேயே உண்டு. நம்மவர் கடல்கடந்த உலகத்தைக் கதையாக்கத் தொடங்கியது நேற்றன்று. 1885 இல் சித்திலெப்பை வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' எகிப்தையும் இந்தியாவையும் களமாகக் கொண்டு, ஈழத்துத் தமிழ் நாவலுக்கு முதலடி எடுத்துவைத்தது. பயண உரைநடையைப் பொறுத்தவரை ஏ. கே. செட்டியாரை முன்னோடியாகக் கொள்ளலாம். அவரது 'உலகம் சுற்றும் தமிழன்' 1940 இல் வெளிவந்தது. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்காகக் கண்டம்விட்டுக் கண்டம் சென்று பழைய படச்சுருள்களைத் தேடிய மனிதர் அவர். அத்துணை தொலைவு சென்றவர் தம்மைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார். சென்ற இடத்து மக்கள், அவர்தம் பழக்கவழக்கம், தாம் கண்ட சிறு நிகழ்ச்சி ஆகியவையே அவருடைய பக்கங்களை நிரப்பின. பிற்காலத்தில் பலருடைய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்து வெளியிட்டார். 'நான்' என்பது சுருங்கும்போது நாடு விரியும் என்பதற்கு அவர் எழுத்து சான்றாகும். இன்றைய வாடகைக் கார்க் கட்டுரையிலே இது தலைகீழாகிவிட்டது. நாடு சுருங்கி ஒரு கண்ணாடியளவு ஆகிறது; அக்கண்ணாடியில் எழுத்தாளரின் முகம் மட்டும் தெரிகிறது.

இனி, எமது கரைக்கு வருவோம். 1973 இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின்னர் வளைகுடாவில் செல்வம் பெருகியது. அதைத் தொடர்ந்து நம் நாட்டிலிருந்து தொழிலாளர் பயணமும் பெருகியது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள ஊர்களில் இப்பயணம் தொடாத ஒழுங்கை இல்லை எனலாம். அவ்வாறு சென்றவருட் பலர் 'ஹவுஸ் டிரைவர்' எனப்படும் வீட்டுச் சாரதிகள். எசமானின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், எசமானியைக் கடைக்குக் கூட்டிச்செல்வதும், நள்ளிரவில் விமான நிலையத்துக்கு ஓடுவதும் அவர்கள் வேலை. வீட்டின் வெளிச்சுவரை ஒட்டிய சிற்றறையிலே அவர்கள் வாழ்க்கை.

கட்டார் நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கு லுசைல் பந்தயத் தடம் 2004 இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் தொழிலாளர் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலம் இரவுபகலாக உழைத்து 5.4 கிலோமீற்றர் நீளமான அத்தடத்தை முடித்தனர். அதே 2004 ஆம் ஆண்டில் அந்நாட்டின் 14 ஆம் இலக்கத் தொழிற் சட்டமும் வந்தது. வீட்டில் வேலைசெய்யும் சாரதி, சமையற்காரர், தோட்டக்காரர் ஆகியோரை அச்சட்டம் தன் பாதுகாப்புக்குள் சேர்க்கவில்லை. அவர்களுக்கென ஒரு தனிச்சட்டம் வருவதற்கு 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாளொன்றுக்குப் பத்து மணிநேரத்துக்கு மேற்படாத வேலை, வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்று அச்சட்டம் ஏட்டில் வகுத்தது. விளையாட்டாகக் கார் ஓட்டுவதற்குப் பாதை வந்த ஆண்டிலே, வயிற்றுக்காகக் கார் ஓட்டுபவன் சட்டத்தின் வெளியே நிறுத்தப்பட்டான். வெளியே நின்ற காலம் பதின்மூன்று ஆண்டுகள்.

அபுதாபியின் யாஸ் தீவுத் தடம் 2009 இல் திறக்கப்பட்டது. பணம் செலுத்தினால் பந்தயக் காரை அங்கே ஓட்டிப்பார்க்கலாம். உல்லாசப் பயணிகளுக்கு அஃது ஒரு பெருங்கவர்ச்சி. அதே தடம் வாரத்தின் சில மாலைகளில் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் கட்டணமின்றித் திறக்கப்படுவதையும் சொல்ல வேண்டும். இது வரவேற்கத்தக்க ஏற்பாடு. அம்மாலையொன்றில், வார ஓய்வு கிடைத்த நம்மூர்ச் சாரதி ஒருவர், நாள்தோறும் தாம் ஓட்டும் விலையுயர்ந்த காரை விட்டிறங்கி, அத்தடத்திலே கால்நடையாகச் செல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் மனத்தில் ஓடுவதை யார் எழுதியிருக்கின்றனர்? மலையாளத்திலே பென்யாமின் 2008 இல் வெளியிட்ட 'ஆடுஜீவிதம்' நாவல், சவூதிப் பாலைவனத்தில் ஆட்டுமந்தையோடு அடைபட்ட ஒரு தொழிலாளியைக் கதாநாயகனாக்கியது. இரண்டு தலைமுறையாகச் சாரதிகளை அனுப்பிவரும் நமது கரையிலிருந்து, ஒரு சாரதியின் கதை அத்தகைய வலிமையோடு இன்னும் எழவேண்டியிருக்கின்றது.

இவ்விடத்திலே சொல்லவந்ததைச் சுருக்கிச் சொல்வோம். வெளிநாடு சென்று கார் ஓட்டுவோர் இருவகையினர். ஒருவர் காரை வாடகைக்கு எடுக்கிறார். மற்றவர் தம்மையே வாடகைக்குக் கொடுக்கிறார். இருவருக்கும் அனுமதிப்பத்திரம் உண்டு. இருவரும் ஒப்பமிட்ட பத்திரமும் உண்டு. முன்னவர் ஒருமணி நேரம் ஓட்டிப் பத்துப் பக்கம் எழுதுகிறார். பின்னவர் பத்தாண்டுகள் ஓட்டியும் ஒருபக்கம் எழுதுவதில்லை. அவரைப் பற்றிப் பிறரும் எழுதுவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதற்கு இலக்கியம் முயலவில்லையென்றால் வேறு எது முயலும்?

எமது வகுப்பில் 'நான் விரும்பும் பயணம்' என்ற பொருளில் ஒருமுறை கட்டுரை எழுதச் சொன்னோம். ஒரு மாணவன் பந்தயத் தடத்தில் கார் ஓட்டுவதாக எழுதியிருந்தான். தான் கண்டிராத ஐரோப்பியக் காடும் பனியும் அதில் விரிவாக வந்தன. அவனுடைய தந்தை பன்னிரண்டு ஆண்டுகளாக வளைகுடாவிற் சாரதி. தந்தை ஓட்டும் வீதியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கேட்டபோது, "வாப்பா ஓட்டுறது வேலை சேர், அதுல எழுத என்ன இருக்கு?" என்றான். இச்சொல் எம்மைச் சிந்திக்க வைத்தது. உழைப்பிலே எழுதத்தக்கது எதுவுமில்லை, நுகர்விலேயே எழுதத்தக்கது உண்டு என்று அவனுக்குக் கற்பித்தவர் யார்? அவன் படித்த எழுத்துக்களே கற்பித்தன. அவனைக் குறைசொல்வதிற் பயனில்லை.

இங்கே ஓர் ஆட்சேபத்துக்கு விடைகூற வேண்டும். வேகத்தை விரும்புவது பிற்போக்கா, இளைஞர் மகிழ்ச்சி அடைவதை முற்போக்காளர் வெறுக்கின்றனரா என்று சிலர் வினவுவர். அவ்வாறன்று. இயந்திரம் மனித அறிவின் வெற்றி. அதை ஆளும் திறமை மதிக்கத்தக்கது. கோயம்புத்தூரில் சுந்தரம் கரிவரதன் 1980களின் இறுதியில், சிறிய மாருதிக் காரின் எஞ்சினைக் கொண்டே குறைந்த செலவில் பந்தயக் கார்கள் செய்வித்தார். பட்டறைத் தொழிலாளரின் கைத்திறனும் அதிற் கலந்திருந்தது. அவ்வூர் நரேன் கார்த்திகேயன் 2005 இல் உலகப் பந்தயத்தின் முதல்தர அணியொன்றிற் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். 2025 சனவரியில் டுபாயில் நடந்த 24 மணிநேர ஓட்டத்தில், நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது தமிழ்கூறு நல்லுலகம் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியை நாம் பழிக்கவில்லை. அந்த 24 மணிநேரத்தில் டயர் மாற்றியவர், எரிபொருள் நிரப்பியவர், உறங்காது எஞ்சினைக் கண்காணித்தவர் ஆகியோர் பெயரையும் நமது பத்திரிகைகள் எழுதியிருக்கலாம் என்றுமட்டும் சொல்கிறோம். பந்தயம் என்பது இயல்பிலேயே கூட்டுழைப்பு. எழுத்துத்தான் அதைத் தனியொருவரின் வீரமாக்குகின்றது.

எமது ஊரின் நடுவே செல்லும் கொழும்பு - மட்டக்களப்பு நெடுஞ்சாலையிலும் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அறுகம்பைக் கடலலையை நாடிவரும் வெள்ளைக்கார உல்லாசப் பயணிகள் சிலர், முச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிக்கொண்டு இவ்வழியே செல்கின்றனர். எமக்கு அன்றாடப் பிழைப்பாகிய வண்டி அவர்களுக்கு விநோத அனுபவம். நெல் காயும் ஓரமும், மீன் விற்கும் சந்தியும், பள்ளிவாசல் வாயிலும் அவர்களுடைய படங்களில் பின்னணியாகும். அவர்கள் தம் நாட்டுக்குச் சென்று எழுதும் கட்டுரையில் நாம் எவ்வாறு தோன்றுவோம்? வீதியோரத்துப் பொம்மைகளாகத் தோன்றினால் நமக்கு மனம் வருந்தாதா? அவ்வருத்தம் நியாயமாயின், ஐபெல் மலைவாசிகளையும் வளைகுடாத் தொழிலாளரையும் நமது கட்டுரைகள் அவ்வாறே பொம்மைகளாக்குவது எங்ஙனம் நியாயமாகும்?

ஆகவே, பந்தயத் தடத்துக்குச் செல்லும் எழுத்தாளரை நாம் தடுக்கவில்லை. சென்று வருக; ஓட்டி மகிழ்க. எழுதும்போது மட்டும் பாதையையும் சேர்த்து எழுதுக. அதை வெட்டியவர் யார், யாருடைய பணத்தில் அது நின்றது, இப்போது யாருடைய கையில் உள்ளது என்று கேட்டு எழுதுக. ஒப்பமிடும் பத்திரத்தை ஒருமுறை வாசித்து அதன் பொருளை வாசகனுக்குச் சொல்லுக. வாடகை நிலையத்திலே காரைத் துடைத்துவைத்த மனிதர் எந்நாட்டவர் என்று விசாரிக்க இரண்டு நிமிடம் போதும். இவற்றால் வேகத்தின் சுவை குன்றாது. கட்டுரையின் எடை கூடும்.

நமது கரையோர எழுத்தாளர்க்கும் ஆசிரியர்க்கும் இதனினும் பெரிய வேலை உண்டு. விடுமுறையில் வீடுவந்திருக்கும் சாரதிகளிடம் குறிப்புப் புத்தகத்தோடு செல்லவேண்டும். பாலைநில நெடுஞ்சாலையின் இரவும், எசமானின் பின்னிருக்கைப் பேச்சும், எரிபொருள் நிலையத்தில் ஊர்க்காரனைச் சந்தித்த கணமும் அவர்களிடம் நிறைய உண்டு. அவர்கள் பேச்சுமொழியிலேயே அவற்றை எழுதி வாங்குவோம். பள்ளிச் சஞ்சிகைகளில் வெளியிடுவோம். அவர்களுடைய பிள்ளைகளே அவற்றைக் கேட்டு எழுதட்டும். தன் தந்தையின் வீதியை எழுதக் கற்ற மாணவன், பின்னொருநாள் நூர்பர்க்ரிங்கைச் சுற்றிவந்தாலும் அங்கே மண்சுமந்தவர்களைக் காணத் தவறமாட்டான்.